கால் அங்குலம்

காகிதம் மறுபடியும் இடப்பக்கமாகத்தான் கிழிந்தது. போன அம்புக்கும் இப்படித்தான், அதற்கு முந்தின அம்புக்கும் இப்படித்தான். பழைய ஜன்னல் சட்டத்தில் பார்சல் சுற்றும் காகிதத்தை இழுத்து ஒட்டி, கராஜின் நடுவில் நிறுத்தி, இரண்டு எட்டுத் தள்ளி நின்று அதன் வழியாக அம்பை விடுகிறேன். அப்பால் அம்பை வாங்கிக்கொள்ள ஒரு நுரைக் கட்டை. வில் சரியாக இருந்தால் அம்பு நேராகப் போகும், காகிதத்தில் ஒரு பொட்டும் அதைச் சுற்றி மூன்று இறகின் கீறலும் மட்டும் விழும். சரியில்லையென்றால் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகும், காகிதம் நீளமாகக் கிழியும். என்னுடையது முக்கால் அங்குலம் கிழிகிறது. ஒன்பது மணியிலிருந்து இதே வேலைதான். அம்பு உட்காரும் தாங்கியை ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளு, திருகை இறுக்கு, நாணை இழு, விடு, கிழிசலை அள. பதினோரு அம்பு ஆயிற்று. வால்வு செய்கிற ஆலையில் பதினாறு வருடமாக அளக்கிறவன் நான், ஆயிரத்தில் ஒரு அங்குலம் பிசகினாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவன், மார்ட்டி கையெழுத்துப் போட்டால் அது சரி என்று சொல்லுவார்கள், திருமூர்த்தி என்பது அவர்கள் வாயில் மார்ட்டி ஆகிவிட்டது, ஆகட்டும், ஆனால் மார்ட்டியின் அம்பு மட்டும் வாலை ஆட்டுகிறது. சமையலறையில் என் மனைவி கோதை சிரிக்கிறாள். கதவைச் சாத்தியிருந்தும் கேட்கிறது. ஊரில், கோபியில், அவள் தம்பி நல்லசிவத்துக்கு இப்போது ராத்திரி, சாப்பிட்டுவிட்டு வீடியோவில் வந்திருப்பான். “நாப்பது அடி கூட ஓடலடா, அப்படியே உக்காந்துருச்சு,” என்கிறாள். எத்தனையாவது தடவை. சின்னம்மாவுக்குச் சொன்னாள், பெங்களூர் சிநேகிதிக்குச் சொன்னாள், பல் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் போட்டோவைக் காட்டினாள். நாற்பது அடி. அளந்தது நான்தான். ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே இலைகளுக்கு நடுவில் நடந்து, அவளுடைய மானைக் கண்டுபிடித்து, “இங்க இருக்குது கோதை” என்று கத்தியதும் நான்தான். அதை யாரிடமும் சொன்னாளா என்று தெரியவில்லை. சொல்லியிருப்பாள். சொன்னாலும் அது ஒரு பேச்சா.

பன்னிரண்டாவது அம்பு. மூச்சை உள்ளே இழு, நாணைத் தாடைக்கு வரும்வரை இழு, மணிக்கட்டில் கட்டியிருக்கிற கொக்கியின் விசையை விரல் தேடுகிறது, விடு. கிழிசல். இடப்பக்கம். வில்லில் கோளாறு இல்லை, அது எனக்குத் தெரியும், செப்டம்பரிலேயே தெரியும், கைப்பிடியை நான் நெரிக்கிறேன், பயந்தவன் பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறேன், அதனால் விடுகிற நொடியில் வில் திரும்புகிறது. இதைக் கோதைக்குப் போன சித்திரையில் நானே சொல்லிக்கொடுத்தேன். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி, விரலை மூடாதே, வில்லு உன் உள்ளங்கையில சாஞ்சு நிக்கட்டும் என்றேன். அவள் ஒரு தடவை கேட்டாள், சரிங்க என்றாள், அப்படியே பிடித்தாள். நான் அதை ஆறு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளை நான்தான் இழுத்து வந்தேன். சனி ஞாயிறு ஆனா காட்டுக்குப் போயிடறீங்க, நான் இந்த ஊர்ல யார்கூடப் பேசறது என்று கேட்டாள், நியாயமான கேள்வி, அதனால் நாற்பது பவுண்டு இழுவையில் ஒரு சின்ன வில் வாங்கிக் கொடுத்தேன். பின்கட்டில் நின்று பழகட்டும், வெயில்படட்டும் என்றுதான். ஜூலையில் இருபது கஜத்தில் அவளுடைய அம்புகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. ஒரு அம்பின் வாலில் இன்னொன்று ஏறி உடைந்தபோது “ஐயோ, உடைஞ்சு போச்சுங்க” என்று வருத்தப்பட்டாள். இது பெருமைடி, இதுக்கு ஏங்குகிறவன் எத்தனை பேர் என்று சிரித்தேன். சிரித்தேனா? வாய் சிரித்தது. வேட்டை உரிமமும் எடுத்துக்கலாமுங்களா என்று அவளே கேட்டபோதுகூட, எடுத்துக்க, துணைக்கு ஆச்சு என்றேன். அப்போதுதான் முதன்முதலாக ஒரு பயம் வந்தது. அதற்கு அப்போது பெயர் வைக்கவில்லை.

அக்டோபரில் முதல் சனிக்கிழமையே அவளுக்கு மான் வந்தது. வயல் ஓரத்து மரத்தில், பன்னிரண்டடி உயரப் பலகையில், இடுப்பு வாரைக் கட்டிக்கொண்டு முதன்முதலாக உட்கார்ந்தவளுக்கு, ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. எனக்கு ஆறு வருடம். ஆறு வருடமும் ஓடைக்கரை மரத்தில், அந்தக் காட்டிலேயே நல்ல இடத்தில், டேல் எனக்கென்று ஒதுக்கிக்கொடுத்த இடத்தில் உட்கார்ந்து வெறுங்கையோடு இறங்கியிருக்கிறேன். டேல்தான் காட்டுக்குச் சொந்தக்காரர், எழுபது தாண்டிவிட்டது, மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், எங்கள் ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் அவளைக் கோ என்று கூப்பிடுகிறார். கோதைநாயகியில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கோ, கோ என்று சிறுபிள்ளை மாதிரி. மிளகு அரைத்துப் போட்டு மான்கறிக் குழம்பு வைத்து ஒரு தூக்கில் கொண்டுபோய்க் கொடுத்தாள், விரலை நக்கினார், மான் விழுந்த அன்று அவளோடு எடுத்த படத்தைத் தன் குளிர்பெட்டிமேல் ஒட்டிவைத்தார். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன், ஓரத்தில், டார்ச் பிடித்தபடி. சே, எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை, அந்த மாதிரிப் பொறாமை என்றால் இன்னும் லேசு, ஒரு சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம், ஊரில் எங்கள் பெரியப்பா தீர்த்தார். இது அது இல்லை. அவள் கையைப் பார்த்து வருகிறது. அந்தக் கை நிதானமாக இருக்கிறது. அந்த நிதானத்தை எந்தச் சண்டை போட்டு வாங்குவது? நேற்றுச் சாயங்காலம் டேல் கூப்பிட்டார். “மார்ட்டி, ஓடைக்கரைப் பக்கம் உனக்கு ஒண்ணுமே வர்றதில்லைன்னு சொல்றியே, நாளைக்குக் கோ அங்க உக்காரட்டும், நீ வயல் பக்கம் போ, இடம் மாத்திப் பார்ப்போம்” என்றார். சரி டேல், நல்ல யோசனை என்றேன். ஒண்ணுமே வர்றதில்லை. நானே ஆறு வருடமாகச் சொல்லிவந்தது, என் வாயாலேயே என் இடத்தைக் கொடுத்துவிட்டேன்.

வராமல் என்ன. வந்தது. நாலு தடவை வந்தது. முதல் வருடம் ஒன்று, அதற்குப் பிறகு இரண்டு, போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை வந்ததை நினைக்கக் கூடாது என்றுதான் பன்னிரண்டு அம்பு விட்டிருக்கிறேன். கொம்பு மான். ஓடையைத் தாண்டி, தலையைத் தாழ்த்தி, இருபது தப்படியில் வந்து விலா முழுவதையும் காட்டிக்கொண்டு நின்றது. அதன் மூக்கிலிருந்து ஆவி வந்தது. நாணை இழுத்தேன். இழுத்ததும் முழங்கையில் தொடங்கியது, தோளுக்கு ஏறியது, தாடை கிட்டித்து மறுபடி திறந்து கிட்டித்தது, குறிபார்க்கிற பச்சைப் பொட்டு அதன் கழுத்துக்கும் வயிற்றுக்கும் மரத்துக்கும் வானத்துக்கும் ஓடியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரலை விசையில் வைக்கவே முடியவில்லை. மெல்ல நாணைத் திரும்ப விட்டு வில்லை மடியில் இறக்கினேன். கொம்பு மான் அதன்பிறகும் கொஞ்ச நேரம் நின்று, எதையோ மென்று, போய்விட்டது. அவமானம் என்னவென்றால் அது ஓடவில்லை, நடந்துதான் போனது. இருட்டுகிற நேரத்தில் காருக்குப் பக்கத்தில் வந்து கோதை, “ஏதாச்சும் வந்துச்சுங்களா?” என்று கேட்டாள். “ஒண்ணும் வரல” என்றேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். ப்ளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொடுத்தாள்.

அவளுடைய வில் என் வில்லுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அதையும் நான்தான் சரிபார்த்து வைப்பது. நாணுக்கு மெழுகு, திருகுகளுக்கு இறுக்கம், எல்லாம் வியாழக்கிழமையே முடித்தாயிற்று. காகிதத்தில் அதன் ஓட்டை ஒரு பொட்டு, மூன்று கீறல். தேதி போட்டு அந்தக் காகிதத்தை வெட்டிக் கருவிப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், எதற்கு வைத்திருக்கிறேன்? ஆலைப் பழக்கம். அவள் வில்லை எடுத்துப் பார்க்கிறேன். லேசாக இருக்கிறது. கைப்பிடியில் அவள் வைத்திருக்கிற மருதாணியின் நிறம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. குறிபார்க்கும் வளையத்துக்குள் அந்தச் சின்னப் பச்சைப் பொட்டு. அதை இடம் வலமாக நகர்த்த ஒரே ஒரு திருகு. பக்கத்தில் அளவுக்கோடுகள், கண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ என்கிற மாதிரி. வளையத்துக்கும் கண்ணுக்கும் முப்பது அங்குலம், மானுக்கும் கண்ணுக்கும் இருபது கஜம், எழுநூற்று இருபது அங்குலம், இருபத்து நாலு மடங்கு. இங்கே கால் அங்குலம் நகர்ந்தால் அங்கே ஆறு அங்குலம். அவள் அம்பு ஒரே ஒரு தடவை தவறட்டும், போதும், ஒரே ஒரு தடவை அவளும் மரத்திலிருந்து இறங்கி வந்து ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கட்டும். கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான், கணக்குப் போடுவது தப்பா. ஆனால் திருகைத் திருப்புகிற ஆலன் சாவி கையில் இருக்கிறது. காலையிலிருந்தே கையில் இருக்கிறது. திருகு திரும்புகிறது, எண்ணெய் போட்டுவைத்த திருகு, சத்தமே இல்லாமல் திரும்புகிறது. ஒரு கோடு, இரண்டு கோடு, கால் அங்குலம். என் கை நடுங்கவில்லை. இவ்வளவு நேரம் நெரித்துக்கொண்டிருந்த கை இதற்கு மட்டும் பதமாக வேலை செய்கிறது. வில்லை ஆணியில் மாட்டினேன். சமையலறையில் பேச்சு நின்றது. வைக்கிறேண்டா, கிளம்பணும் என்று கேட்டது. போவதற்கு முன் பின்கட்டில் எப்போதும் மூன்று அம்பு விட்டுப் பார்ப்பாள். விட்டால் மூன்றும் ஆறு அங்குலம் தள்ளிப் போகும், என்னங்க இது என்பாள், எங்கேயாவது இடிச்சிருப்ப என்று சொல்லிச் சரிசெய்து கொடுப்பேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்து முகவாட்டம். அதைப் பார்த்தால் போதும் எனக்கு. ஒரு மனுஷனுக்கு இதுகூடக் கூடாதா.

கதவு திறக்கிறது. காட்டு உடுப்பு போட்டு, தலைக்குக் கம்பளிக் குல்லா வைத்து, கையில் சப்பாத்திச் சுருளோடு வருகிறாள். “பன்னண்டு அம்பு விட்டீங்களாட்ட இருக்குது, சத்தத்தை எண்ணிட்டிருந்தேன். சாப்பிடுங்க,” என்கிறாள். வாங்கிக்கொள்கிறேன். “மணி பதினொண்ணே கால் ஆச்சுங்க. இந்தப் பையன் விடவே மாட்டேன்னுட்டான். நான் இன்னிக்கு விட்டுப் பார்க்கல, அப்படியே கிளம்பிரலாம். நீங்கதான் பார்த்து வெச்சிருக்கீங்கல்ல, அது போதும்.” வில்லை ஆணியிலிருந்து எடுத்துப் பெட்டியில் படுக்க வைக்கிறாள். நான் சப்பாத்தியைக் கடிக்கிறேன். உருளைக்கிழங்கு. மெல்லுகிறேன். மூணே மூணு அம்பு விட்டுட்டு வா என்று சொல்ல வாய் திறந்தால் வாயில் உருளைக்கிழங்கு. அவள் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிறாள், கட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை. “ஏனுங்க, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?” “என்ன?” “டேலுக்குக் காலைல போன் பண்ணினேன். ஓடைக்கரையில நான் உக்காரல, அது எங்க வீட்டுக்காரரு எடம்னு சொல்லிட்டேன்.” “எதுக்கு? அவரு உனக்குத்தானே கொடுத்தாரு?” என்றேன், என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. “அங்க ஒண்ணும் வர்றதில்லைன்னு நீங்க சொன்னதைத்தான் அவரு நம்பிட்டிருக்காரு. எனக்குத் தெரியுமுங்க. போன ஞாயித்துக்கிழமை நான் பார்த்தேன்.”

பார்த்தாள். எதைப் பார்த்தாள். வயல் ஓரத்து மரத்துக்கும் ஓடைக்கரைக்கும் நடுவில் எண்பது தப்படி இருக்கும், இலையெல்லாம் கொட்டிவிட்டது, ஏன் யோசிக்கவில்லை நான், கண்ணாடி மாதிரி இருந்திருக்கும் காடு. நடுக்கத்தைப் பார்த்தாள். தாடை கிட்டித்ததைப் பார்த்தாள். ஒரு வாரமாக அதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், தம்பியிடம் சிரித்திருக்கிறாள், எல்லாருக்கும் தெரியுமோ, நல்லசிவத்துக்குத் தெரியுமோ, அந்தச் சிரிப்பு அதற்குத்தானோ. “என்ன பார்த்த?” என்கிறேன். “கொம்பு மான் வந்து நின்னுச்சு. நீங்க இழுத்தீங்க. ரொம்ப நேரம் அப்படியே வெச்சிருந்தீங்க. அப்புறம் இறக்கிட்டீங்க.” அவள் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “மனசு வராம விட்டுட்டீங்க. வந்து ஒண்ணும் வரலைன்னும் சொன்னீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல, நல்லசிவத்துகிட்டக்கூடச் சொல்லல. உங்ககிட்டயும் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.” அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறாள். “என்னோடது வந்தப்போ எனக்குக் கையே நடுங்கலைங்க. யோசிக்கக்கூட இல்ல. பச்சைப் பொட்டு வந்துச்சு, விட்டுட்டேன், அவ்வளவுதான். ராத்திரி படுத்தப்புறம்தான் என்னடா நம்ம இப்படின்னு பயமா இருந்துச்சு. இவங்கள்லாம் பாராட்டறாங்களேன்னு நானும் திரும்பத் திரும்பச் சொல்லிட்டுத் திரியறேன். உங்களப் பார்த்ததும் பொறாமையா இருந்துச்சுங்க. நிறுத்தறதுக்கு முடியுதே இவராலன்னு.”

பொறாமை. அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வருகிறது. நான் வாயில் இருந்ததை விழுங்கினேன். விழுங்கியதும் முதலில் வந்தது என்ன தெரியுமா, சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம். அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள், ஒரு வாரம், படுக்கையில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு. மனசு வராம விட்டுட்டீங்க. அப்படியே இருந்துவிடலாம். நான் ஒன்றுமே சொல்ல வேண்டாம், கொஞ்சம் தலையைக் குனிந்தால் போதும். நாலு தடவையும் மனசு வராமல்தான் விட்டேன் என்று நானேகூட நாளாவட்டத்தில் நம்பிவிடுவேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் கால் அங்குலம் படுத்திருக்கிறது. இன்றைக்கு அவள் முன்னால் ஒன்று வந்து நின்றால் அவள் கை நடுங்காது, நெஞ்சைப் பார்த்து விடுவாள், ஆறு அங்குலம், வயிற்றில் போகும். வயிற்றில் பட்ட மான் நாற்பது அடியில் உட்காராது. ஓடும். குடல் கிழிந்து ராத்திரி முழுவதும் எங்கேயோ புதருக்குள் கிடந்து, விடிகிறவரைக்கும் சாகாமல் கிடக்கும். டார்ச் பிடித்துக்கொண்டு தேடுகிறவன் நானாகத்தான் இருப்பேன். கண்டுபிடித்து, இங்க இருக்குது கோதை என்று கத்த வேண்டும். மானை இரக்கப்பட்டுப் போகவிட்டவராம். இப்போதே போய்ப் பெட்டியைத் திறந்து, எதையோ துடைக்கிற மாதிரித் திருப்பி வைத்துவிடலாமே, ஒரு நிமிஷ வேலை, ஒருத்தருக்கும் தெரியாது. “தண்ணி கொண்டு வா” என்றால் உள்ளே போவாள். சொல்லப் போனேன். அவள் எழுந்து பெட்டியைக் கையில் எடுத்தாள். “வாங்க, போலாம். ஓடைக்கரைல உக்காந்து நீங்க சும்மாப் பார்த்துட்டிருங்க, அதுக்கும் ஒரு ஆள் வேணுமுல்ல” என்று சிரித்தாள், தம்பியிடம் சிரித்த சிரிப்பு இல்லை இது, எனக்கென்று வைத்திருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தண்ணி என்கிற வார்த்தை வரவில்லை.

“கோதை, அந்தக் குறியை நான் திருப்பி வெச்சிருக்கேன்.” “எந்தக் குறி?” “உன் வில்லுல. கால் அங்குலம்.” “ஏன், சரியில்லாம இருந்துச்சுங்களா?” “சரியாத்தான் இருந்துச்சு.” அவளுக்குப் புரியவில்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறாள். நான் சொன்னேன். நீ தப்பா விடணும்னு திருப்பினேன், கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி, நீ போன் பேசிட்டிருந்தப்போ, என்று சொன்னேன். நின்றுவிடக் கூடாது, நின்றால் மீதி வராது என்று பட்டது. “மானு விசயமும் நீ நினைக்கற மாதிரி இல்ல. இரக்கமெல்லாம் இல்ல. கை நடுங்குச்சு. ஒவ்வொரு தடவையும் நடுங்குது. விட முடியல, அதனால இறக்கினேன்.” திட்டுவாள் என்று பார்த்தேன், அழுவாள் என்று பார்த்தேன். பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தாள். “எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். “இடப்பக்கம்.” கையை நீட்டினாள். ஆலன் சாவியைக் கொடுத்தேன். அவளே திருப்பினாள், கோடுகளை எண்ணி, கண்ணைச் சுருக்கி. பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள். நான் கராஜுக்குள்ளேயே நின்று கேட்டேன். ஒரு அம்பு. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது. வந்து மறுபடி பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்தாள், நாணைத் தடவிப் பார்த்தாள், அம்புகளை வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்த்தாள், ஆறு அம்பையும். நான் ஆலையில் திருப்பி அனுப்புகிற பெட்டிகளை இப்படித்தான் பார்ப்பேன். “வேற எதையாச்சும் தொட்டீங்களா?” “இல்ல.” “சத்தியமா?” “சத்தியமா இல்ல கோதை.” அவள் பெட்டியை மூடினாள். நம்பியதாகவும் காட்டவில்லை, நம்பாததாகவும் காட்டவில்லை.

காரை அவளே எடுத்து வெளியே நிறுத்தியிருக்கிறாள். நான் என் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன், எடுத்துக்கொண்டு போகட்டுமா வேண்டாமா என்று யாரிடம் கேட்பது. கேட்காமலே அவள் சொன்னாள், “அதை உள்ள வெச்சுட்டு வாங்க.” வைத்துவிட்டு வந்தேன். முன்பக்கக் கதவைத் திறந்தால் என் இடத்தில் அவளுடைய வில்பெட்டி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போட்டிருக்கிறாள் அதற்கு. பின்னால் டிக்கி காலியாகத்தான் கிடக்கிறது. “பின்னாடி உக்காருங்க,” என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முழங்கால் முன் இருக்கையில் இடிக்கிறது. இத்தனை வருடத்தில் எங்கள் காரின் பின்னிருக்கையில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இங்கிருந்து அவள் பின்கழுத்தும் ஒரு காதும்தான் தெரிகிறது. காது சிவந்திருந்தது. குளிரா, வேறா. “என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போற?” என்று கேட்டேன். “தனியா விட்டுட்டுப் போனா இன்னும் என்னென்ன நினைப்பீங்களோ,” என்றாள். அது பரிவா வெறுப்பா என்று குரலில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கார் நகர்ந்தது. தெருமுனை தாண்டியதும்தான் எனக்கு டேல் நினைவு வந்தார், காட்டு வாசலிலேயே நின்று கையை ஆட்டிக்கொண்டு இருப்பார், வில் இல்லாமல் பின்னால் உட்கார்ந்து வருகிறவனைப் பார்த்து ஏதாவது கேட்காமல் இருக்க மாட்டார். “டேல் கேட்டா என்ன சொல்றது?” என்றேன். கண்ணாடியில் அவள் கண் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாலைக்குப் போயிற்று. “அதை நீங்களே சொல்லுங்க,” என்றாள்.